மூன்றே மூன்று கார்டுகள்: கம்ப்யூட்டர் பியானோவில் டிமினிஷ்டு செவன்த்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பியானோ வாங்க வசதியில்லை. கம்ப்யூட்டரை வைத்தே பியானோ பழக முடியுமா?" முடியும். நன்றாக வாசிப்பதற்கு உண்மையான பியானோவோ எலெக்ட்ரானிக் கீபோர்டோ வேண்டும். ஆனால் ஸ்வரங்கள் எப்படிச் சேர்கின்றன, ஏன் சேர்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும்.

இந்தப் பாடத்தில் டிமினிஷ்டு செவன்த் கார்டு என்பதைப் பார்ப்போம். கார்டு என்றதும் சவுண்டு கார்டு, கிராபிக்ஸ் கார்டு என்று நினைத்துவிட வேண்டாம். இசையில் கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்களின் தொகுப்பு. பியானோ புத்தகங்களில் டிமினிஷ்டு செவன்த் கார்டுக்குப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். பெயரும் நீளம். அதனால் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் பியானோவில் இருப்பதிலேயே எளிதாகக் கற்கக்கூடிய கார்டு வகைகளில் இதுவும் ஒன்று. பன்னிரண்டு கார்டுகள் இல்லை, மூன்றுதான். அது எப்படி என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டரைப் பியானோவாக மாற்றுதல்

இதற்குப் பல இலவச புரோகிராம்கள் உள்ளன. நாம் எல்எம்எம்எஸ் என்ற புரோகிராமை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். எல்எம்எம்எஸ் டாட் ஐஓ என்ற தளத்திலிருந்து டவுன்லோடு செய்து, மற்ற புரோகிராம்களைப் போலவே இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிறகு இப்படிச் செய்யவும்.

1. புரோகிராமைத் திறங்கள். சாங் எடிட்டர் என்ற விண்டோ தோன்றும். அதில் டிரிபிள் ஆசிலேட்டர் என்ற பெயரில் ஒரு டிராக் ஏற்கெனவே இருக்கும்.

2. அந்தப் பெயரின் மீது கிளிக் செய்யுங்கள். ஒரு சிறிய விண்டோ திறக்கும். அதன் அடியில் பியானோ கட்டைகளின் படம் இருக்கும்.

3. அந்த விண்டோவில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டில் இசட் கீயை அழுத்துங்கள். ஒலி கேட்கும்.

இது எலெக்ட்ரானிக் ஒலி. பியானோ ஒலி வேண்டுமானால் இடப்பக்கப் பட்டையில் சாம்பிள்களுக்கான ஐகானைக் கிளிக் செய்து, இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள பியானோ ஃபைலை சாங் எடிட்டருக்கு இழுத்து விடுங்கள். புதிய டிராக் உருவாகும். பழைய முறையிலேயே அதன் பெயரைக் கிளிக் செய்து வாசிக்கலாம்.

கீயை அழுத்திச் சற்றுத் தாமதமாக ஒலி வந்தால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு பொட்டலங்களாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் அளவுதான் பஃபர் சைஸ். செட்டிங்ஸ் பகுதியில் ஆடியோ பிரிவில் அதைக் குறைத்தால் தாமதம் குறையும். மிகவும் குறைத்தால் ஒலி கரகரக்கும். அப்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ளவும்.

கடிகாரமாகப் பியானோ

பியானோவில் வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் சேர்த்து ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். பன்னிரண்டு முடிந்ததும் அதே ஸ்வரம் உயர்ந்த குரலில் மீண்டும் வரும். கடிகாரத்திலும் இப்படித்தானே? பன்னிரண்டு மணிக்குப் பிறகு மீண்டும் ஒன்று. ஆகவே பன்னிரண்டு ஸ்வரங்களையும் கடிகாரத்தில் வைத்துவிடுவோம். கடிகார எண், ஸ்வரத்தின் பெயர், எல்எம்எம்எஸ்-இல் அழுத்த வேண்டிய கம்ப்யூட்டர் கீ என்ற வரிசையில் பட்டியல் இதோ:

12 – சி – இசட் கீ
1 – சி ஷார்ப் – எஸ் கீ
2 – டி – எக்ஸ் கீ
3 – டி ஷார்ப் அல்லது ஈ ஃபிளாட் – டி கீ
4 – ஈ – சி கீ
5 – எஃப் – வி கீ
6 – எஃப் ஷார்ப் – ஜி கீ
7 – ஜி – பி கீ
8 – ஜி ஷார்ப் அல்லது ஏ ஃபிளாட் – ஹெச் கீ
9 – ஏ – என் கீ
10 – ஏ ஷார்ப் அல்லது பி ஃபிளாட் – ஜே கீ
11 – பி – எம் கீ

அடுத்த ஸ்தாயியின் 12-க்கு க்யூ கீயை அழுத்தவும். கம்ப்யூட்டர் கீயின் எழுத்தும் ஸ்வரத்தின் பெயரும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். டி கீயை அழுத்தினால் டி என்ற ஸ்வரம் வராது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இனிமேல் பெரும்பாலும் கடிகார எண்களையே சொல்லப்போகிறோம். ஒரு தாளில் இந்தப் பட்டியலை எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கார்டை அமைத்தல்

விதி ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு கட்டையில் தொடங்குங்கள். அதிலிருந்து மூன்று மூன்று படியாக ஏறுங்கள். நான்கு ஸ்வரங்கள் கிடைத்ததும் நிறுத்துங்கள்.

12-இல் தொடங்கினால் 12, 3, 6, 9. கடிகாரத்தில் மேல், வலம், கீழ், இடம் ஆகிய நான்கு இடங்கள். இதுதான் சி டிமினிஷ்டு செவன்த். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் 12-ஐ ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், சதுசுருதி தைவதம் என்று மற்ற மூன்றையும் அடையாளம் காணலாம்.

இப்போது 3-இல் தொடங்குங்கள். 3, 6, 9, 12. அதே நான்கு கட்டைகள்! 6-இல் தொடங்கினாலும் அவையே, 9-இல் தொடங்கினாலும் அவையே. அதாவது நான்கு பெயர்கள் கொண்ட நான்கு கார்டுகள் பியானோவில் ஒரே நான்கு கட்டைகள்தாம். பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மூன்று. ஆகவே மொத்தம் மூன்று கார்டுகள்:

முதல் கார்டு: 12, 3, 6, 9
இரண்டாம் கார்டு: 1, 4, 7, 10
மூன்றாம் கார்டு: 2, 5, 8, 11

இதில் விடுபட்ட கட்டையே கிடையாது. எந்தக் கட்டையில் விரல் வைத்தாலும் அது இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தது.

இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு 1983-இல் வெளியான மிடி என்ற விதிமுறை உண்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். பியானோவின் நடுவில் உள்ள சி கட்டைக்கு 60. அந்த எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி 0 என்றால் முதல் கார்டு, 1 என்றால் இரண்டாம் கார்டு, 2 என்றால் மூன்றாம் கார்டு. எந்த மிடி எண்ணைக் கொடுத்தாலும் இதே கணக்குத்தான்.

கால்குலேட்டரில் ஒரு சோதனை

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறங்கள். 261.63 என்று டைப் செய்யுங்கள். நடு சி கட்டையின் அதிர்வு எண் இது. அதாவது ஒரு வினாடிக்கு இத்தனை அதிர்வுகள். இதை 1.1892 ஆல் பெருக்குங்கள். சுமார் 311 வரும். அது 3-இன் அதிர்வு. மீண்டும் 1.1892 ஆல் பெருக்கினால் 370. அது 6. மீண்டும் பெருக்கினால் 440. அது 9. இன்னும் ஒருமுறை பெருக்கினால் சுமார் 523. தொடங்கிய எண்ணைப் போல் இரண்டு மடங்கு. அதாவது அடுத்த ஸ்தாயியின் 12.

நான்கு சம தாவல்களில் ஒரு ஸ்தாயி முடிந்துவிடுகிறது. மற்ற கார்டுகள் இப்படி அல்ல. சி மேஜர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்கள் 12, 4, 7. இடைவெளிகள் 4, 3, 5. சமமாக இல்லாததால் எது தலைமை ஸ்வரம் என்று காது எளிதில் கண்டுகொள்கிறது. டிமினிஷ்டு செவன்த் கார்டில் எல்லா இடைவெளியும் ஒன்றே. நான்கு பக்கமும் ஒரே மாதிரி வாசல் வைத்த மண்டபம் போல, எது முன்வாசல் என்று தெரியாமல் காது தவிக்கிறது. மௌனப் படக் காலத்தில் தியேட்டரில் பியானோ வாசித்தவர்கள், வில்லன் வரும் இடத்திலும் ஆபத்தான இடத்திலும் இந்தக் கார்டைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இந்தத் தவிப்புதான்.

நான்கு கீ அழுத்தினால் மூன்று ஒலிக்கிறதா?

இசட், டி, ஜி, என் ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். முதல் கார்டு ஒலிக்க வேண்டும். சிலருக்கு மூன்று ஸ்வரங்கள்தான் கேட்கும். புரோகிராம் கெட்டுவிட்டது என்று அன்இன்ஸ்டால் செய்துவிட வேண்டாம். விஷயம் கீபோர்டில் இருக்கிறது.

சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பாதைகள் சந்திக்கும் இடங்களில் கீகள் அமைந்திருக்கும். டைப் அடிக்க இது தாராளமாகப் போதும். ஆனால் சில கீகளை ஒன்றாக அழுத்தும்போது எது உண்மையில் அழுத்தப்பட்டது என்று கீபோர்டால் பிரித்தறிய முடியாது. தவறான எழுத்தை அனுப்புவதைவிட எதையும் அனுப்பாமல் இருப்பதே மேல் என்று அது ஒரு கீயை விட்டுவிடும்.

இதற்கு மூன்று வழிகள். ஒன்று, நான்கு கீகளையும் ஒன்றன் பின் ஒன்றாக வேகமாக அழுத்துவது. இரண்டு, எல்எம்எம்எஸ்-இல் உள்ள பியானோ ரோல் விண்டோவைத் திறந்து, கட்டங்களில் மவுஸால் நான்கு ஸ்வரங்களையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து பிளே பட்டனை அழுத்துவது. பாடத்தைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல வழி. கண்ணாலும் பார்க்கலாம், காதாலும் கேட்கலாம். மூன்று, யுஎஸ்பி மூலம் இணைக்கும் மிடி கீபோர்டு வாங்குவது. உண்மையிலேயே ஆர்வம் வந்த பிறகு வாங்கினால் போதும்.

உண்மையான பியானோவில் வாசிப்பவர்கள் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றை வைத்துத் தொடங்கலாம். மூன்று கார்டுகளையும் மாறி மாறிப் பிடித்துப் பழகுங்கள்.

கார்டு எங்கே போகும்?

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. டிமினிஷ்டு செவன்த் கார்டை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினால் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தியது போல இருக்கும். அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும்.

விதி இது: கார்டில் உள்ள ஏதாவது ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கடிகாரத்தில் ஒரு படி முன்னால் தள்ளுங்கள். அங்கே ஒரு மேஜர் அல்லது மைனர் கார்டை வாசியுங்கள். மேஜர் கார்டுக்குத் தொடக்கம், அதிலிருந்து 4 படி, 7 படி. மைனர் கார்டுக்குத் தொடக்கம், 3 படி, 7 படி.

மூன்றாம் கார்டை வைத்துச் செய்து பார்ப்போம். 2, 5, 8, 11. கீகள் எக்ஸ், வி, ஹெச், எம்.

11-ஐத் தள்ளினால் 12. சி மேஜர்: 4, 7, மேல் 12. கீகள் சி, பி, க்யூ.
2-ஐத் தள்ளினால் 3. ஈ ஃபிளாட் மேஜர்: 3, 7, 10. கீகள் டி, பி, ஜே.
5-ஐத் தள்ளினால் 6. எஃப் ஷார்ப் மேஜர்: 1, 6, 10. கீகள் எஸ், ஜி, ஜே.
8-ஐத் தள்ளினால் 9. ஏ மேஜர்: 1, 4, 9. கீகள் எஸ், சி, என்.

ஒவ்வொரு முறையும் முதலில் மூன்றாம் கார்டை வாசியுங்கள், பிறகு போய்ச் சேரும் கார்டை வாசியுங்கள். நான்கு தடவையும் காதுக்கு நிம்மதி கிடைக்கும். ஒரே கார்டு, நான்கு வெவ்வேறு வீடுகள். மைனரையும் சேர்த்தால் எட்டு.

ஏன் இவ்வளவு இயல்பாக இருக்கிறது? ஸ்வரங்கள் நகரும் தூரத்தைக் கவனியுங்கள். சி மேஜருக்குப் போகும்போது 11 ஒரு படி ஏறி 12 ஆகிறது. 8 ஒரு படி இறங்கி 7. 5 ஒரு படி இறங்கி 4. மிச்சமிருக்கும் 2 மட்டும் இரண்டு படி ஏறி அதே 4-இல் சேர்கிறது. மற்ற மூன்று வீடுகளுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஸ்வரங்கள் ஒரு படி, ஒன்று மட்டும் இரண்டு படி. யாரும் தூரமாகத் தாவ வேண்டியதில்லை. பக்கத்து அறைக்கு நகர்வது போலத்தான்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். மூன்றாம் கார்டில் 8-ஐ மட்டும் ஒரு படி இறக்குங்கள். 2, 5, 7, 11 கிடைக்கும். இது ஜி செவன்த் என்ற கார்டு. சி மேஜருக்கு அழைத்துச் செல்ல எல்லோரும் பயன்படுத்துவது. 8-க்குப் பதிலாக 11-ஐயோ 2-ஐயோ 5-ஐயோ இறக்கினால் வேறு ஒரு செவன்த் கார்டு வரும். ஆக, டிமினிஷ்டு செவன்த் என்பது நான்கு செவன்த் கார்டுகளுக்கும் ஒரு படி தூரத்தில் நிற்கும் கார்டு.

பாக், பீத்தோவன் செய்தது

பாக் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டா, ஆர்கனுக்காக எழுதப்பட்டது. பேய்ப் படங்களில் அடிக்கடி ஒலித்ததால் பெயர் தெரியாதவர்களுக்கும் காதுக்குத் தெரிந்திருக்கும். அதன் தொடக்கத்தில், கீழே 2 நீண்டு ஒலிக்க, மேலே 1, 4, 7, 10 ஆகியவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும். நம் இரண்டாம் கார்டு! பிறகு அது 2, 6, 9 ஆக, அதாவது டி மேஜராக அவிழும். 1 ஒரு படி ஏறி 2. நம் விதி அப்படியே இருக்கிறது. எஸ், சி, பி, ஜே கீகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு எக்ஸ், ஜி, என் என்று வாசித்துப் பாருங்கள்.

1799-இல் வெளியான பீத்தோவனின் பத்தேதீக் சொனாட்டா இன்னும் சுவாரஸ்யமானது. அதன் முதல் இயக்கத்தின் தொடக்கத்தில் வரும் மெதுவான பகுதி, நடுவில் ஜி மைனரில் திரும்பவும் வரும். அங்கே 6, 9, 12, 3 என்ற முதல் கார்டு ஒலிக்கும். 6 ஒரு படி ஏறி 7 ஆகும், ஜி மைனரிலேயே நிற்கும் என்று காது எதிர்பார்க்கும். பீத்தோவனோ 3-ஐ 4-க்குத் தள்ளி, ஈ மைனருக்குப் போய்விடுகிறார். ஒரே மண்டபம், வேறு வாசல்.

பெயர் ஏன் மாறுகிறது?

அந்த இடத்தில் பீத்தோவன் செய்த இன்னொன்றையும் பாருங்கள். முதலில் ஈ ஃபிளாட் என்று எழுதிய 3-ஐ, வாசல் மாறும்போது டி ஷார்ப் என்று எழுதுகிறார். கட்டை ஒன்றுதான், ஒலி ஒன்றுதான். ஆனால் டி ஷார்ப் என்றால் ஈ-க்கு ஏறப்போகிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பெயர் என்பது கார்டு போகும் ஊரைச் சொல்லும் பஸ் போர்டு மாதிரி.

மிடி எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு இரண்டும் ஒரே எண். மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் இலவச புரோகிராம்களில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கலாம். சி டிமினிஷ்டு செவன்த் கார்டின் கடைசி ஸ்வரத்தைப் புத்தகத்தில் பி டபுள் ஃபிளாட் என்று போட்டிருப்பார்கள். பயந்துவிட வேண்டாம். 11-இலிருந்து இரண்டு படி கீழே, அதாவது 9. நமக்குத் தெரிந்த ஏ கட்டைதான்.

புத்தகத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் சிறிய வட்டமும் 7-உம் இருந்தால் நம் கார்டு. அந்த வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் அது ஹாஃப் டிமினிஷ்டு என்ற வேறு கார்டு: 12, 3, 6, 10. வட்டம் மட்டும் இருந்து 7 இல்லையென்றால் 12, 3, 6 என்ற மூன்று ஸ்வரங்கள் மட்டும்.

ஒரு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள்: மூன்று கார்டுகளையும் எண்ணைப் பார்க்காமல் வாசிக்கப் பழகுங்கள்.

மூன்றாம், நான்காம் நாள்: மூன்றாம் கார்டிலிருந்து நான்கு மேஜர் கார்டுகளுக்கும் போய் வாருங்கள்.

ஐந்தாம் நாள்: அதே நான்கு இடங்களுக்கும் மைனர் கார்டு வாசியுங்கள். மேஜரின் நடு ஸ்வரத்தை ஒரு படி இறக்கினால் மைனர்.

ஆறாம் நாள்: முதல் கார்டுக்கும் இரண்டாம் கார்டுக்கும் நான்கு வீடுகளை நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.

ஏழாம் நாள்: பியானோ ரோலில் சி மேஜர், மூன்றாம் கார்டு, ஏ மைனர் என்று மூன்றையும் வரிசையாக வைத்துக் கேளுங்கள். பிறகு ஏ மைனரை எடுத்துவிட்டு ஈ ஃபிளாட் மேஜரை வையுங்கள். நடுக் கார்டைத் தொடவே இல்லை. ஆனால் கதை வேறு திசையில் போவதைக் கேட்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்டு ஊறுகாய் மாதிரி. ஒரு பாட்டில் ஓரிரு இடத்தில் வைத்தால் ருசி. வரிக்கு வரி வைத்தால் காது பழகிப்போய், தவிப்பும் போய்விடும், நிம்மதியும் போய்விடும். எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, இடையில் ஒரே ஒரு முறை இதை வாசித்துப் பாருங்கள்.